குவாய் நதிப் பாலமும் கோணமலைக் கடலும்

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி லண்டனில் டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. சரியாகப் பதின்மூன்று நாள் கழித்து, ஒக்டோபர் 15ஆம் திகதி, திருகோணமலைக் கடற்படைத்தளத்தில் பிரித்தானியக் கொடி இறக்கப்பட்டு, துறைமுகம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த இரண்டு திகதிகளையும் எந்த வரலாற்று நூலும் அருகருகே வைத்து எழுதியதாக நான் காணவில்லை. திரைப்பட வரலாறு எழுதுவோர் கடற்படைத்தள ஒப்பந்தங்களைப் படிப்பதில்லை. அரசியல் வரலாறு எழுதுவோர் சினிமாவைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவர். ஆனால் அந்தத் துறைமுகத்தின் கரையில் வளர்ந்து, அந்தப் படத்தை அங்கேயே பார்த்த ஒருவனுக்கு இரண்டும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்களாகவே தோன்றுகின்றன.

சிறுவயதில் நாங்கள் பார்த்த ஆங்கிலப் படங்களை அறுபது வயதுக்குப் பின்னர் மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். முன்பு கண்ணில் பட்டவை குண்டும் யானையும் ரயிலும்தான். இப்போது கண்ணில் படுபவை வேறு. படங்கள் மாறவில்லை, அவை எடுக்கப்பட்ட நாடும் காலமும் என்னவென்பது இடைப்பட்ட ஆண்டுகளில் எனக்குத் தெரியவந்துவிட்டது. அதிலும் வேடிக்கை என்னவென்றால், இவற்றுட் பல எங்கள் நாட்டிலேயே எடுக்கப்பட்டவை.

திருகோணமலையில் நெல்சன் தியேட்டர் என்றொரு திரையரங்கு இருந்தது. பெயரே ஊரின் கதையைச் சொல்லும். இளம் மாலுமியாக இருந்தபோது நெல்சன் இந்தத் துறைமுகத்தைக் கண்டு வியந்தார் என்பது எங்களூரில் வழிவழியாகச் சொல்லப்படும் பேச்சு. அப்படிப்பட்ட ஊரில் ஆங்கிலப் படம் பார்ப்பவர்களுக்கு வசனம் முழுவதும் விளங்கவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. டொக்யார்டில் வேலை செய்து ஓரளவு ஆங்கிலம் பழகியவர் எவராவது பக்கத்தில் இருந்தால் போதும். அவர் தணிந்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டே வருவார். எனக்கு அவ்வாறு வாய்த்தவர் தாய்மாமன். பிரித்தானியர் காலத்தில் அங்கே ஃபிட்டராக இருந்தவர். குவாய் நதிப் படம் ஊருக்கு வந்து போன பிறகு பல மாதங்கள் பையன்கள் எல்லோரும் அந்த 'கேர்ணல் போகி' அணிநடை மெட்டைச் சீழ்க்கையடித்துக்கொண்டே பாடசாலைக்குப் போனோம். தேய்ந்த சப்பாத்துகளுடன் போர்க்கைதிகள் சிறைமுகாமுக்குள் அணிவகுத்து வரும் காட்சி அவ்வளவு தூரம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது மாமா சொன்ன ஒரு வார்த்தை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "துரை முதலில சண்டை பிடிச்சது வேலை செய்யமாட்டன் எண்டு. கடைசியில எல்லாரிலும் கூட வேலை செய்தவன் அவன்தான்" என்றார். அன்று அதை நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டேன். இப்போது படத்தைப் பார்க்கையில், அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் படத்தின் முதுகெலும்பே அடங்கியிருப்பதாகப் படுகிறது.

அலெக் கின்னஸ் நடித்த கேர்ணல் நிக்கல்சன், அதிகாரிகள் உடலுழைப்புச் செய்யக்கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கையைக் காட்டி வாதாடுகிறார். அதற்காகத் தகரக் கூண்டில் அடைபட்டு வெயிலில் வேகிறார். முகாமின் யப்பானியத் தளபதி சைட்டோ இறங்கி வருகிறார். கேர்ணல் வென்றுவிட்டார். வென்ற மறுகணமே, எதிரிக்காகக் கட்டப்படும் பாலத்தை எதிரியால் கட்டமுடியாத அளவுக்குச் செம்மையாகக் கட்டிக்கொடுப்பது என்ற வெறி அவரைப் பற்றிக்கொள்கிறது. நாள் போதாது என்றதும், எந்தக் கொள்கைக்காகக் கூண்டில் கிடந்தாரோ அதையே கைவிட்டு அதிகாரிகளையும் வேலைக்கு இறக்குகிறார். மருத்துவ விடுதிக்குப் போய் நோயாளிகளுள்ளும் எழுந்து நடக்கக்கூடியவர்களைத் திரட்டுகிறார். சிறுவனாக நான் இந்தக் காட்சியைக் கவனித்ததாகவே நினைவில்லை. படத்தில் மிகக் கொடுமையான காட்சி அதுதான். அதில் அடி இல்லை, இரத்தம் இல்லை; பண்பாக, தந்தையைப் போலக் கேட்கிறார். எவரும் மறுக்கவில்லை. கூண்டிலிருந்து வெளியே வந்து தள்ளாடி நடக்கும் கின்னஸின் நடையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட இந்த மருத்துவ விடுதிக் காட்சியில் அவர் முகத்தில் உள்ள கருணையே பெரிய நடிப்பாகத் தெரிகிறது.

படம் சயாமில் நடப்பதாகக் கதை. பாலம் கட்டப்பட்டதோ களனி கங்கையின் மேல், கித்துல்கலவில். 1956இன் இறுதியிலிருந்து 1957இன் நடுப்பகுதிவரை படப்பிடிப்பு நடந்தது. பாலத்தைத் தகர்க்கும் காட்சி 1957 மார்ச் மாதத்தில் எடுக்கப்பட்டது. பார்வையாளர்களுள் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் இருந்தார். ஒரு படப்பிடிப்பாளரிடமிருந்து சமிக்ஞை வராததால் முதல்முறை வெடி வைக்கப்படாமலே ரயில் பாலத்தைக் கடந்துபோய்த் தடம்புரள, எல்லாவற்றையும் சீர்செய்து பின்னர் மீண்டும் எடுத்தார்கள்.

அந்த ஆண்டின் நாட்காட்டியைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கவேண்டும். 1956 ஜூனில் தனிச்சிங்களச் சட்டம். ஓகஸ்டில் திருகோணமலையில் தமிழரசுக் கட்சி மாநாடு. நாடெங்குமிருந்து மக்கள் கால்நடையாக வந்து சேர்ந்த மாநாடு அது. 1957 மார்ச்சில் கித்துல்கலவில் பாலம் தகர்கிறது. ஜூலையில் பண்டா – செல்வா ஒப்பந்தம். ஒக்டோபரில் லண்டனில் படமும் திருகோணமலையில் கொடியிறக்கமும். 1958 மார்ச் இறுதியில் குவாய் நதிப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகளை வாங்கியது. அடுத்த மாதமே பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் கலவரம்.

அந்தக் கலவரத்துக்கும் எங்கள் துறைமுகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இன்றைய தலைமுறை அதை அதிகம் அறியாது. பிரித்தானியர் போனதும் டொக்யார்டில் வேலை செய்த பெருந்தொகையானோர் தொழில் இழந்தார்கள். அவ்வாறு வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சில நூற்றைப் பதவியாக் குடியேற்றத்தில் காணி கொடுத்துக் குடியமர்த்துவதாக அரசு திட்டமிட்டது. அதை எதிர்த்துச் சிங்களத் தொழிலாளர் சிலர் ஒரு பிக்குவின் தலைமையில் அந்தக் காணிகளுக்குள் புகுந்து குடியேறிக்கொண்டார்கள். அரசு அவர்களை வெளியேற்றவில்லை. 1958இன் தீ மூண்ட இடங்களுள் பதவியாவும் ஒன்று. நிக்கல்சன் கட்டிய பாலத்தின் மேல் தம் பெயர்களைப் பலகையில் பொறித்து அறைந்துவிட்டு நிமிர்ந்து நிற்கும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொழிலாளர்களின் நினைவே வருகிறது. துறைமுகத்தைக் கட்டியவர்களின் பெயர்ப்பலகை எங்கே அறையப்பட்டது?

பெயர்ப்பலகை இல்லாதவர்கள் குவாய் நதிக்கரையிலும் இருந்தார்கள். படத்தை இன்று பார்க்கும் எந்தத் தமிழருக்கும் தோன்றவேண்டிய முதற்கேள்வி அது. சயாம் – பர்மா ரயில்பாதை ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமானது. 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடிக்கப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக அங்கே உழைத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், யாவாக்காரர், மலாயர், எல்லாவற்றுக்கும் மேலாக மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள். நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். போகாதவர்களைப் பிடித்துப் போனார்கள். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகையை 90,000 வரை மதிப்பிடுவோர் உண்டு. மதிப்பீடுதான். போர்க்கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், போர் முடிந்தபின் தேடிவந்து எலும்பெடுத்துக் கல்லறை கட்டினார்கள். காஞ்சனபுரியில் அந்தக் கல்லறைகள் வரிசை வரிசையாக இன்றும் பராமரிக்கப்படுகின்றன. வாந்திபேதியில் விழுந்த தோட்டத் தமிழனுக்குப் பட்டியலும் இல்லை, கல்லும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் முன்பு மலாயாப் பென்ஷன்காரர் என்று ஒரு வகுப்பே இருந்தது. மலாயா ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்கள். அவர்கள் யப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேசினால் மரவள்ளிக்கிழங்கில் தொடங்கிச் சயாம் ரயிலில் வந்து நிற்பார்கள். அங்கே பேச்சை நிறுத்தியும் விடுவார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதியிராவிட்டால் தமிழ் வாசகரிடையே இந்த வரலாறு இன்னும் மங்கியிருக்கும்.

லீனின் படத்தில் இந்தத் தமிழர் ஒருவர்கூட இல்லை. இதைக் குற்றப்பத்திரிகையாக எழுதிவிட்டுப் படத்தைத் தூக்கியெறிவது எளிது. பலர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரித்தானிய அதிகார மனத்தின் பைத்தியக்காரத்தனத்தை, அதன் கண்ணியத்தின் வழியாகவே உடைத்துக் காட்டிய படம் இது. அதைச் செய்தவர் ஆங்கிலேயர். நம்முடைய செத்துப்போனவர்களை அவர் படமெடுக்கவில்லை என்று குறைப்படும் நாம், நம்முடைய கோடிக்கணக்கான ரூபாய்ப் படங்களுள் எத்தனையில் அவர்களைக் காட்டினோம்?

திரைக்கதையின் வரலாறும் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஒஸ்கார் வாங்கியவராகப் பெயர் போடப்பட்டவர் மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல். அவர் ஆங்கிலத்தில் எழுதுபவரே அல்லர். உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தின்பேரில் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். 1984இல்தான் அவர்களுக்கு விருது கொடுக்கப்பட்டது. வில்சன் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். பெயர் மறைக்கப்பட்டவர்களைப் பற்றிய படம் என்று இதை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கை இந்தப் படத்தில் சயாமாக வேடம் போட்டதுடன், தானாகவும் நடிக்கிறது. தப்பிவந்த அமெரிக்கர் சிகிச்சை பெறும் மருத்துவமனை கல்கிசையில் உள்ள மவுண்ட் லவினியா ஹோட்டல். கொமாண்டோப் பயிற்சி நடக்கும் இடம் பேராதனைப் பூங்கா. அதுவும் கற்பனையன்று: 1944இல் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றியபோது பேராதனைப் பூங்காவில்தான் அலுவலகங்கள் அமைந்தன. படத்தில் வரும் 'ஃபோர்ஸ் 316' உண்மையான 'ஃபோர்ஸ் 136' என்ற இரகசியப் படையின் இலக்கங்களைப் புரட்டிப் போட்ட பெயர். அந்நாளில் மலாக்கா நீரிணைக்குப் போன பிரித்தானிய நீர்மூழ்கிகளின் தளம் திருகோணமலை.

யுத்தம் திருகோணமலைக்கு வந்ததைப் பற்றிச் சொன்னால் 'டோரா! டோரா! டோரா!' படத்தை விடமுடியாது. 1970இல் வெளிவந்தது. பேர்ள் துறைமுகத் தாக்குதலை அமெரிக்கப் பக்கத்திலிருந்து ரிச்சர்ட் ஃபிளெய்ஷரும், யப்பானியப் பக்கத்திலிருந்து தொஷியோ மசுடா, கிஞ்சி ஃபுக்காசக்கு ஆகிய இருவரும் இயக்கினார்கள். அதில் விமானப்படையை நடத்திச் செல்லும் மிட்சுவோ ஃபுச்சிடா என்ற அதிகாரியைப் பார்த்தபோது, 'நல்ல நடிகர்' என்பதற்கு மேல் அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. பேர்ள் துறைமுகத்துக்கு நான்கு மாதம் கழித்து, 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பையும், 9ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கிய விமானங்களை நடத்திவந்தவரும் அதே ஃபுச்சிடாதான். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களுள் ஐந்து எங்கள் கடலுக்கு வந்தன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மூழ்கடிக்கப்பட்டது. 300க்கு மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் எழுந்த கரும்புகையைப் பற்றியும், சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு உள்ளூருக்கு ஓடியதைப் பற்றியும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாகும்வரை பேசினார்கள். துறைமுகத்துக்குள் அன்று தாக்குண்ட 'சகாயிங்' என்ற சரக்குக் கப்பலை இலங்கைக் கடற்படை 2018இல்தான் மேலே தூக்கியது. அமெரிக்கர்கள் தமது அவமானத்தை இவ்வளவு நிதானமாக, எதிரியையும் மனிதனாகக் காட்டிப் படமாக எடுத்தார்களே என்பது இன்று எனக்கு வியப்பளிக்கிறது. வெளிவந்தபோது அமெரிக்காவில் அதைச் சிலாகித்தோர் குறைவு.

'எலிஃபண்ட் வோக்' (1954) படத்துக்கு ஒரு பந்தி போதும். தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களா, காதல், வாந்திபேதி, கடைசியில் யானைக்கூட்டம். விவியன் லீ இலங்கைக்கு வந்து நடிக்கத் தொடங்கி, மனநலம் குன்றியதால் விலக, எலிசபெத் டெய்லர் அந்த இடத்துக்கு வந்தார். தூரக் காட்சிகள் சிலவற்றில் லீயின் உருவமே இருக்கிறதென்பர். படமாகச் சுமார்தான். ஆனால் அந்தப் பின்னணியில் கொழுந்துக் கூடையோடு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிக்கப்பட்டு, எந்த நாட்டவரும் அல்லாதவராக ஆக்கப்பட்ட மலையகத் தமிழர் சமூகம் அது. அந்த ஆண்டுகளில் அவர்களை வண்ணத்தில் பதிவுசெய்து வைத்திருப்பது, அவர்களைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாத ஒரு ஹொலிவூட் படம்.

துறைமுகத்துக்கும் நல்ல ஆங்கிலப் படங்களுக்கும் உள்ள தொடர்பு எல்லாம் வெடிமருந்து மணக்கவேண்டும் என்பதில்லை. திருகோணமலை எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரினின் கல்லறை இருக்கிறது. 1852இல் இரண்டாம் பர்மியப் போரின்போது ஐராவதி நதியில் வாந்திபேதியால் இறந்தவர். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் கடைசித் தம்பி. நாங்கள் அந்தப் பக்கம் ஆடு மேய்வதைத்தான் பார்த்திருக்கிறோம். 1995இல் ரொஜர் மிஷெல் இயக்கிய 'பெர்சுவேஷன்' படத்தை அண்மையில் பார்த்தேன். கடலிலிருந்து பணமும் பதவியும் ஈட்டிக்கொண்டு திரும்பிவரும் கப்டன் ஒருவனுக்காக ஒரு பெண் எட்டாண்டு காத்திருந்த கதை. அந்தக் கப்டன்கள் ஈட்டிய கடல் எது, திரும்பிவராதவர்கள் எங்கே புதைந்தார்கள் என்று படம் சொல்வதில்லை. எங்களூர்க்காரருக்குச் சொல்லவேண்டியதும் இல்லை.

இனிக் கோணேசர் கடலுக்கு வருகிறேன். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து தங்கியதற்கு முதற்காரணம் கடலடி நீச்சல். விண்வெளியில் எடையற்று மிதக்கும் அனுபவத்துக்கு மனிதன் பூமியில் மிக நெருங்கி வரக்கூடிய இடம் கடலடிதான் என்று அவர் கருதினார். அவருடன் வந்த நண்பர் மைக் வில்சன். (குவாய் நதித் திரைக்கதையாசிரியர் வேறு, இவர் வேறு, பெயர்தான் ஒன்று.) இருவரும் சுவாமிமலைப் பாறையின் அடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். கிளார்க் 1957இல் வெளியிட்ட 'த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்' என்ற நூலில் அதை விவரித்தார். எங்கள் பாட்டிமார் பாறையின் உச்சியில் நின்று பூவும் தேங்காயும் போட்டுக் கும்பிட்ட அதே கடல். கீழே கோயில் கிடக்கிறது என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும். அதை முதலில் கண்ணால் கண்டு நூலெழுதியவர் ஆங்கிலேயராக இருந்தது வரலாற்றின் விளையாட்டு.

வில்சன் அத்துடன் நிற்கவில்லை. 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை இயக்கினார். வண்ணத்தில் வந்த முதல் முழுநீளச் சிங்களப் படம். திருகோணமலையிலும் அதன் கடலடியிலும் எடுக்கப்பட்டது. தயாரிப்பில் கிளார்க்குக்கும் பங்கு. தமிழ் ஊரில் எடுத்த படம் என்று ஊரே திரண்டுபோய்ப் பார்த்தது. நாயகன் காமினி பொன்சேகா. கித்துல்கலவில் டேவிட் லீனின் படப்பிடிப்புக் குழுவில் உதவியாளராகத் தொழில் பழகியவர் அவர். கதை புதையல் கதைதான். ஆனால் மீன்கூட்டத்தின் நடுவே ஒளிக்கீற்று இறங்கும் அந்தக் கடலடிக் காட்சிகள்!

ஆறு ஆண்டுகள் கழித்து, 1968இல், ஸ்டான்லி குப்ரிக்குடன் கிளார்க் சேர்ந்து எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' வெளிவந்தது. வாலிபத்தில் அதைப் பார்த்தபோது தொடக்கத்தில் வரும் குரங்குகளுக்கு அப்பால் என் கவனம் போகவில்லை. இப்போது மூன்று முறை பார்த்துவிட்டேன். விண்கலத்தின் வெளியே வீரன் மெதுவாக, ஓசையே இல்லாமல், தன் மூச்சு மட்டும் தன் காதில் கேட்க மிதந்து போகிறான். அந்த மூச்சுச் சத்தம் விண்வெளி வீரனுடையது என்று படத்தில் சொல்லப்படுகிறது. கடலடியில் இறங்கிப் பழகிய எவரைக் கேட்டாலும் அது எந்தச் சத்தம் என்று சொல்வார்.

கோணேசர் கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. மைக் வில்சன் சினிமாவை விட்டுக் கதிர்காமக் கந்தனிடம் சரணடைந்து, சுவாமி சிவ கல்கி என்று பெயர்கொண்டு துறவியாகி, 1995இல் காலமானார். அதே 1995இல் காமினி பொன்சேகா வடக்கு கிழக்கு மாகாணத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டு, போர்க்காலத் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் பதவியில் இருந்தார். தான் ஒருகாலத்தில் புதையல் தேடி மூழ்கிய கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.